மாடல் டாங்கிக்கு மண் போடுவது எப்படி? வேலூர்க் கடைகளில் கிடைப்பதைக் கொண்டே ஒரு டியோரமா தரை

பிளாஸ்டிக் டாங்கியை ஒட்டி, வண்ணம் தீட்டி, அலமாரியில் வைத்ததோடு நின்றுவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அடுத்த படியான டியோரமாவுக்கு, அதாவது மாடலை அது நிற்கும் நிலத்தோடு ஒரு காட்சியாக அமைப்பதற்கு, போகத் தயங்குவதற்குக் காரணம் தரைதான். வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும் பொருட்களின் பெயரைச் சொன்னால் நம் ஊர்க் கடைக்காரர்களுக்குப் புரிவதில்லை. தபாலில் வரவழைத்தால் மண்ணின் விலை டாங்கியின் விலையைத் தாண்டிவிடுகிறது. எது இங்கே எந்தக் கடையில் என்ன பெயரில் கிடைக்கும் என்று தெரியாமல் நான் நிறையத் திண்டாடினேன். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம் என்பதற்காக, வரிசைப்படி எழுதுகிறேன்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறேன். 1965 செப்டம்பர், இந்திய-பாகிஸ்தான் போர், பஞ்சாபின் கேம் கரன் பகுதியில் உள்ள அசல் உத்தர். வாய்க்காலை உடைத்துவிட்ட தண்ணீரில் ஊறிய கரும்புத் தோட்டத்தில் சிக்கி நிற்கும், பாகிஸ்தானின் ஒரு பேட்டன் டாங்கி (அமெரிக்கத் தயாரிப்பான எம்48). அளவு 1/35, அதாவது நிஜத்தில் 35இல் ஒரு பங்கு. இந்தக் காட்சியில் சேறு, தண்ணீர், பயிர் மூன்றும் இருப்பதால் தரை வேலையின் முக்கியப் பாடங்கள் எல்லாம் வந்துவிடும். நீங்கள் வேறு காட்சி செய்தாலும் படிகள் இவைதான்.

1. மண் பிசைவதற்கு முன் ஒரு காகிதம்

நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: இடம், மாதம், மண்ணின் நிறம், ஈரம். இந்த நான்கும் இல்லாமல் தொடங்கினால் எந்த ஊர் என்று சொல்ல முடியாத பழுப்புத் தரைதான் வரும்.

நம் பக்கத்து ஆட்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் மண்ணின் நிறம். வேலூரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் செம்மண். கண் பழகிவிட்டதால் கை தானாகவே சிவப்பைத் தொடுகிறது. பஞ்சாபின் வண்டல் மண் அப்படி இல்லை; உலர்ந்தால் சாம்பல் கலந்த இளம் பழுப்பு, நனைந்தால் அடர்ந்த சாம்பல் பழுப்பு. ராஜஸ்தான் என்றால் வெளிறிய மஞ்சள் மணல். காவி நிறத் தரையில் நிற்கும் பேட்டன் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும் ஆற்காட்டுச் சாலையோரம் நிற்பது போலத்தான் தெரியும்.

புகைப்படங்களைச் சேகரிக்கும்போது இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அந்தப் போரின் படங்கள். அவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை; வடிவம், சேற்றின் ஆழம், பயிர் சாய்ந்த விதம் ஆகியவற்றுக்குப் பயன்படும், நிறத்துக்குப் பயன்படாது. இரண்டாவதில் அதே வட்டாரத்தின் இன்றைய வயல்களின் வண்ணப் படங்கள், முடிந்தால் அதே மாதத்தில் எடுத்தவை. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எதற்காக அதை வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "வலது ஓரம், தண்ணீர் விளிம்பு" என்பது போதும்.

இன்னொரு வழியும் நமக்கு உண்டு. வடாற்காட்டிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்கள் ஏராளம். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் தெருவிலேயே கவசப் படையிலோ வாகனப் பழுதுபார்ப்புப் பிரிவிலோ இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கலாம். "ஐயா, சேற்றில் சிக்கிய வண்டியை எப்படி இழுப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் சேறு குவியும், இழுவைக் கம்பியை எங்கே மாட்டுவார்கள், வீரர்கள் எங்கே நிற்பார்கள் என்பதெல்லாம் ஒரு மாலைப் பேச்சில் கிடைத்துவிடும்.

2. அளவுக் கணக்கு

உண்மை அளவை 35ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதை எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டும்.

175 செ.மீ. உயரமுள்ள ஆள் 5 செ.மீ. ஆகிறான். 1 மி.மீ. மணல் துகள் 3.5 செ.மீ. ஜல்லியாகிறது. 1 செ.மீ. கூழாங்கல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும் பாறையாகிவிடுகிறது. கட்டட மணலை அப்படியே தூவிய தரை ஏன் கருங்கல் ஜல்லி கொட்டிய ரயில் பாதையைப் போலத் தெரிகிறது என்பதற்கு இதுதான் காரணம். வயல் மண்ணுக்கு விரலில் தேய்த்தால் நெருடாத அளவு நயமான தூள் வேண்டும்.

எம்48 பேட்டனின் தடப்பட்டை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) 71 செ.மீ. அகலம், மாடலில் 2 செ.மீ. வண்டியின் அகலம் சுமார் 3.65 மீட்டர், மாடலில் 10 செ.மீ.க்குச் சற்று மேல். 30×25 செ.மீ. பலகை என்பது நிஜத்தில் ஏறக்குறைய பத்தரை மீட்டருக்கு எட்டே முக்கால் மீட்டர் நிலம். ஒரு டாங்கி, இரண்டு மூன்று ஆட்கள், ஒரு மூலையில் கரும்பு ஆகியவற்றுக்கு இது போதும். பீரங்கிக் குழாய் முன்னால் நீண்டிருந்தால் டாங்கியைக் குறுக்காக, மூலைக்கு மூலை வையுங்கள். பலகையின் விளிம்புக்கு இணையாக வைத்தால் காட்சி உயிரற்றுப் போகும்.

3. பொருட்கள், கடைகள், விலை

விலைகள் நான் கொடுத்தவை, சுமாரானவை. கடைக்குக் கடை மாறும்.

பலகை: தச்சுப் பட்டறைகளில் 12 மி.மீ. பிளைவுட் அல்லது எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திய பலகை) துண்டு கேளுங்கள். மீந்த துண்டு 50 முதல் 100 ரூபாய். விளிம்பில் தேக்குச் சட்டம் அடித்துத் தரச் சொன்னால் கூலி தனி.

தெர்மாகோல்: பள்ளிக்கூடப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒரு அங்குலத் தாள் 50 ரூபாய் அளவில். கூரை வெப்பத் தடுப்புக்குப் போடும் நீல, இளஞ்சிவப்பு ஃபோம் பலகை இன்னும் நல்லது. மணி மணியாக உதிராது. கூரை வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் வெட்டிப் போட்ட துண்டுகள் கிடைக்கலாம்.

ஃபெவிகால் கால் கிலோ: சுமார் 100 ரூபாய். சுவர்ப் பட்டி ஒரு கிலோ: 40 முதல் 60 ரூபாய். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு கிலோ: 30 முதல் 50 ரூபாய். லாங் பஜார் பக்கத்து ஹார்டுவேர், பெயின்ட் கடைகளில் இவை சில்லறையாகவே கிடைக்கும். பிளாஸ்டர் வாங்கும்போது கவனம்: காற்றில் ஈரம் குடித்த பழைய தூள் இறுகவே இறுகாது. ஒரு கடையில் எனக்கு அப்படிப்பட்ட சரக்குதான் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டித் தூளைத் தண்ணீரில் குழைத்து வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் கல்லாக வேண்டும். ஆகவில்லையென்றால் அதை வேலையில் சேர்க்காதீர்கள்.

முட்டை அட்டை: மளிகைக் கடையில் இலவசம்.

அக்ரிலிக் வண்ணம்: ரா அம்பர், பர்ன்ட் அம்பர், யெல்லோ ஆக்கர், வெள்ளை, கறுப்பு, பச்சை. கேமல், ஃபெவிகிரில் எதுவானாலும் சரி. ஆறும் சேர்த்து 250 முதல் 350 ரூபாய். மங்கலான (மேட்) வார்னிஷ் ஒரு குப்பி 150 முதல் 250.

நாட்டு மருந்துக் கடை: நம் ஊர்க்காரர்களுக்கு வாய்த்த பொக்கிஷம் இது. காவிக்கல், வெட்டிவேர், கிராம்புத் தைலம் எல்லாம் ஒரே இடத்தில் 100 ரூபாய்க்குள் முடியும். வெட்டிவேரைப் பிரித்தால் 1/35 அளவுக்கு அப்படியே பொருந்தும் மர வேர்களும் காய்ந்த புல்லும் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் சிறு பொட்டலத்துக்கு நூற்றுக்கணக்கில் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தண்ணீருக்கு ரெசின்: ரெசின் நகை, பூத்தட்டு செய்கிறவர்கள் வாங்கும் இரண்டு பகுதி எபாக்ஸி. சிறிய ஜோடி 300 முதல் 500 ரூபாய்.

மொத்தம் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து அறுநூறுக்குள் அடங்கும். மீதமாகும் பொருட்கள் அடுத்த தரைக்கும் வரும்.

மணலுக்காகப் பாலாற்றில் இறங்கித் தோண்டாதீர்கள். அனுமதியில்லாமல் ஆற்று மணல் எடுப்பது குற்றம். பக்கத்தில் வீடு கட்டும் மேஸ்திரியிடம் கேட்டால் ஒரு கைப்பிடி தருவார். இப்போது பெரும்பாலும் எம்-சாண்ட்தான். அது கருங்கல் உடைத்த தூள் என்பதால் சாலை ஜல்லிக்கும் இடிபாட்டுக்கும் ஆற்று மணலைவிடப் பொருத்தமானது. வேலூர்க் கோட்டைச் சுவரிலிருந்து உதிர்ந்த கல் சில்லைக்கூட எடுக்காதீர்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் அது.

மாடலையோ வேறு எதையோ வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால்: கூரியர் நிறுவனம் அடையாளச் சான்று கேட்கும். ஆதார், பான் நகல்களையும் பணம் செலுத்திய ரசீதையும் முன்பே கணினியில் ஏற்றி வைத்திருங்கள். சான்று தாமதமானால் பார்சல் சுங்கத்திலேயே கிடக்கும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்திருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள். எனாமல் வண்ணம், தின்னர், ஸ்பிரே டப்பா ஆகியவை தீப்பற்றும் பொருட்கள் என்பதால் விமானத் தபாலில் ஏற்றமாட்டார்கள். அவற்றை ஒரே பார்சலில் சேர்த்து ஆர்டர் செய்தால் மற்றவையும் சிக்கிக்கொள்ளும்.

4. அடித்தளம்

பலகையின் இரு பக்கத்திலும் விளிம்பிலும் மர பிரைமரோ வார்னிஷோ இரண்டு கைப் பூசுங்கள். மேல் பக்கம் மட்டும் பூசினால், ஈரக் கலவை காயும்போது இழுத்துப் பலகை வளைந்துவிடும். வளைந்த பலகை திரும்ப நேராவதில்லை.

அதன் மேல் தெர்மாகோலை ஃபெவிகாலால் ஒட்டி, கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். செருப்புத் தொழில் நடக்கும் மாவட்டம் என்பதால் தோல் ஒட்டும் மஞ்சள் பசை நம் வீடுகளில் சாதாரணமாகக் கிடக்கும். அதைத் தொடாதீர்கள். அந்தப் பசை, ஃபெவிக்விக், தின்னர், ஸ்பிரே வண்ணம் எல்லாமே தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். தண்ணீரில் கரையும் பசையும் வண்ணமும் மட்டுமே இதன் அருகில் வர வேண்டும்.

டாங்கி எங்கே, எவ்வளவு ஆழத்தில் நிற்கப் போகிறது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். பேட்டனின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி சுமார் 40 செ.மீ. சேற்றில் தடப்பட்டை அந்த அளவுக்கு இறங்கியதும் வண்டியின் அடிவயிறு மண்ணில் உட்கார்ந்துவிடுகிறது. அதன் பிறகு சக்கரம் சுற்றினாலும் வண்டி நகராது. மாடலில் அந்த 40 செ.மீ. என்பது 11 முதல் 12 மி.மீ. ஆகவே தடப்பட்டை வரும் இடங்களில் தெர்மாகோலை 15 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளமாக வெட்டி எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கலவை பூசினால் டாங்கி தரைக்குள் இறங்க இடமிருக்காது.

நீங்கள் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். 45 டன் எடையுள்ள ஒன்று தரையின் மேல் மிதப்பது போல் நின்றால் மற்ற எல்லா உழைப்பும் வீண். உலர்ந்த கெட்டித் தரையிலும்கூட ஓரிரு மில்லிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும்.

5. மண் கலவை

முட்டை அட்டையைக் கிழித்து ஒரு நாள் ஊற வைத்து, பழைய மிக்ஸி ஜாரில் அரைத்து, துணியில் பிழிந்துகொள்ளுங்கள். பிழிந்த கூழ் இரண்டு கிண்ணம், சுவர்ப் பட்டி ஒரு கிண்ணம், ஃபெவிகால் அரைக் கிண்ணம், சலித்த மண் அரைக் கிண்ணம். இவற்றோடு பர்ன்ட் அம்பர் வண்ணம் ஒரு கரண்டி. வண்ணத்தைக் கலவையிலேயே சேர்த்துவிட்டால் பின்னால் ஓரம் பெயர்ந்தாலும் வெள்ளை பல்லிளிக்காது. சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். கையில் உறை போட்டுக்கொள்வது அவசியம். சிமென்ட் கலந்த பட்டி தோலை அரிக்கும்.

மண்ணைச் சேர்க்கும் முன் பழைய இரும்புச் சட்டியில் போட்டுக் கால் மணி நேரமாவது நன்றாக வறுத்துவிடுங்கள். மண்ணில் இருக்கும் விதையும் பூச்சி முட்டையும் சாக வேண்டும். அந்தச் சட்டியை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம். ஆறியதும் தேநீர் வடிகட்டியில் ஒரு முறை, பழைய மெல்லிய துப்பட்டாத் துணியில் ஒரு முறை சலித்து இரண்டையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள்.

கூழ் உள்ள கலவையில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கிராம்புத் தைலம் ஐந்தாறு சொட்டு விட்டால் தடுக்கலாம். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தைலமே போதும்.

கலவையை ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றாதீர்கள். தடப் பள்ளங்களில் இரண்டு மூன்று முறையாக நிரப்புங்கள். வெயிலில் வைத்துக் காய வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேலூர் வெயிலில், அதுவும் கத்திரியில், மேல்தோல் மட்டும் சுருங்கி உள்ளே ஈரம் நிற்கும். விடிந்து பார்த்தால் குளத்து அடிபோல் வெடித்திருக்கும். நிழலில், மின்விசிறிக்குக் கீழே காயட்டும்.

காய்ந்ததும் ஓரங்களில் ஒரு மெல்லிய இடைவெளி தெரியும். கலவை சுருங்குவது இயல்பு. பிளாஸ்டரைத் தண்ணீராகக் கரைத்து அந்த இடைவெளியை நிரப்புங்கள். தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும். தூளில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் இறுகிவிடும்.

6. தடம்

கடைசி அடுக்கைப் பூசிய பின் காத்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பதிய வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் நேரம், மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வந்துவிடும்.

டாங்கியின் அடிப்பகுதியைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றி, பள்ளத்தில் வைத்து, இரு கைகளாலும் நேராக அழுத்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டாமல் மேலே தூக்குங்கள். பிறகு மாடலோடு வந்த உபரித் தடப்பட்டைத் துண்டை எடுத்து, எண்ணெய் தொட்டு, வண்டி வந்த வழி முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திக்கொண்டே போங்கள்.

தடத்தைப் பக்கத்திலிருந்து பாருங்கள். சேற்றில் அழுந்திய மண் எங்கேயும் மறைந்துவிடாது; இரு பக்கமும் பிதுங்கி வரம்பாக எழும். வண்டி திரும்பிய இடத்தில் வெளிப்பக்க வரம்பு உயர்ந்து, உள்ளே மண் வழித்து இழுபட்டிருக்கும். சக்கரம் சுழன்று சிக்கிய இடத்தில் தடப்பட்டையின் அச்சே இருக்காது, குழைந்த சேறு மட்டும் பின்பக்கமாக வாரியடித்திருக்கும். பல்குத்தும் குச்சியால் இந்த மூன்றையும் வேறுபடுத்திக் காட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுத்தமான அச்சு இருந்தால் அது சேறாகத் தெரியாது.

வீரர்களின் காலடியையும் இப்போதே பதியுங்கள். நிற்கப் போகும் பொம்மையின் பாதத்தையே அழுத்தினால் பிறகு அந்த இடத்தில் கச்சிதமாக உட்காரும். நடந்து வந்த அடிகளுக்கு இடையே இரண்டு செ.மீ. விடுங்கள்.

7. மேல் மண்

கலவை முழுதும் காய்ந்த பிறகு, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து பூசி, துணியில் சலித்த மண்ணைத் தூவுங்கள். தடங்களின் மேல் தூவாதீர்கள். பிறகு வெறும் தண்ணீரை மெல்லிய துளியாகத் தெளித்து, இரண்டு பங்கு தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். அந்தக் கரைசலில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு கலப்பது முக்கியம். இல்லாவிட்டால் பசை மண்ணுக்குள் இறங்காமல் உருண்டையாக மேலே நிற்கும். வெள்ளை முழுவதும் மறையும்வரை கை வைக்காதீர்கள்.

8. கரும்பு

அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் வட்டாரத்தில் இருந்துகொண்டு கரும்பை இணையத்தில் தேட வேண்டியதில்லை. திருவலம் பக்கம் ஒரு தோட்டத்தின் வரப்பில், உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் நில்லுங்கள். மேலே பச்சைத் தோகை, கீழே காய்ந்து தொங்கும் சோகை, நடுவில் வரிசைக்கு வரிசை மூன்றடி இடைவெளி. மாடலில் அந்த மூன்றடி 26 மி.மீ.

தண்டுக்கு ஈர்க்குச்சி. கரும்பின் தடிமன் இரண்டரை, மூன்று செ.மீ. என்றால் மாடலில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே தென்னந்துடைப்பத்தின் நுனிப் பாதி மட்டும்தான் உதவும், அடிப்பாதி மூங்கிலாகிவிடும். செப்டம்பரில் இரண்டு, மூன்று மீட்டர் வளர்ந்த கரும்பு என்று கொண்டால் தோகையோடு 6 முதல் 8 செ.மீ. உயரம். 3, 4 மி.மீ. இடைவெளியில் கணுவுக்கு வெளிறிய கோடு ஒன்று மெல்லிய தூரிகையால் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாது என்று நினைப்பீர்கள், ஆனால் அதுதான் குச்சியைக் கரும்பாக்குகிறது.

தோகைக்கு மெல்லிய வெள்ளைத் தாளின் இரு பக்கமும் பச்சை பூசி, உலர்ந்ததும் ஒன்றரை மி.மீ. அகலத்தில் 3 செ.மீ. நீளத்துக்கு, நுனி கூராகும்படி வெட்டுங்கள். நீளவாக்கில் லேசாக மடித்து விரித்தால் நடு நரம்பு வரும். நகத்தால் நீவினால் வளையும். ஒரு தண்டுக்கு ஆறேழு தோகை, கீழே இரண்டு பழுப்புச் சோகை. பச்சையை ஒரே குப்பியிலிருந்து பூசாதீர்கள். மஞ்சள் சேர்த்த பச்சை, நீலம் ஓடிய பச்சை என்று மூன்று விதமாவது வேண்டும்.

இது நேரம் விழுங்கும் வேலை. நிஜத்தில் ஒரு மீட்டருக்குப் பத்துக் கரும்பு நிற்கும். பலகை முழுவதும் நட முயன்றால் நூற்றுக்கணக்கில் போகும். ஒரு மூலையில் மூன்று வரிசை போதும். மீதி நிலத்தில் வண்டி மிதித்துச் சாய்த்த கரும்பைக் காட்டுங்கள். சாய்ந்தவை எல்லாம் வண்டி போன திசையையே பார்த்துக் கிடக்க வேண்டும். தடத்துக்குள் நசுங்கியவை சேற்றில் பாதி புதைந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் சிதறிக் கிடந்தால் அது புயல் அடித்த தோட்டம்.

வரப்புப் புல்லுக்குப் பூந்துடைப்பத்தின் நுனி இழைகளையும் வெட்டிவேரையும் 5 முதல் 10 மி.மீ. நீளத்தில் வெட்டி, சிறு சிறு கொத்தாக நடுங்கள்.

9. வண்ணம்

மண்ணைக் கொண்டே செய்த தரைக்கு வண்ணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பூசித்தான் ஆக வேண்டும். நம் ஆற்று மணலிலும் மண்ணிலும் அபிரகத் துணுக்குகள் இருக்கும். 1/35இல் அவை உடைந்த கண்ணாடிச் சில்லாக மின்னும். பசையில் நனைந்த மண் எப்போதும் ஒரு படி கறுத்தும் போகும்.

முதலில் பர்ன்ட் அம்பரில் கொஞ்சம் கறுப்பு சேர்த்து, தண்ணீராகக் கரைத்து எல்லா இடுக்கிலும் விடுங்கள். அடுத்து ரா அம்பரோடு வெள்ளையும் துளி யெல்லோ ஆக்கரும் கலந்து, பெரும்பாலும் உலர்ந்த தூரிகையால் மேட்டுப் பகுதிகளை மட்டும் தடவுங்கள். வெள்ளையைக் கூட்டிக்கொண்டே மூன்று முறை. ஈரமான இடங்களுக்கு வெளிர் நிறம் போகக் கூடாது. தண்ணீர் விளிம்பிலிருந்து மேட்டுக்குப் போகப் போக நிறம் வெளிற வேண்டும்.

இதே மூன்று கலவைகளையும் மூடிய குப்பிகளில் பத்திரப்படுத்துங்கள், விகிதத்தை நோட்டில் எழுதுங்கள். டாங்கியின் சக்கரங்களுக்கும் அடிப்பகுதிக்கும் வீரர்களின் பூட்ஸுக்கும் இந்தச் சேறுதான் பூச வேண்டும். தரையில் ஒரு நிறம், வண்டியின் சேறு வேறு நிறம் என்று இருந்தால் இரண்டும் தனித்தனிப் பொருட்களாகவே தெரியும். சேற்றைப் பூசியபின் டாங்கியை அதன் பள்ளத்தில் ஒட்டி, ஓரத்தில் தெரியும் இடைவெளியைக் கலவையால் மூடுங்கள்.

10. தண்ணீர்

தேங்கிய தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஒரு தடத்தில் உயரமாகவும் பக்கத்துத் தடத்தில் தாழ்வாகவும் தண்ணீர் நிற்கும் டியோரமாக்களை நிறையப் பார்க்கலாம். ஊற்றும் முன் மேஸ்திரிகள் பயன்படுத்தும் ரசமட்டத்தை வைத்துப் பலகையைச் சமன் செய்யுங்கள். தண்ணீர் பலகையின் விளிம்பைத் தொட்டால் அங்கே பிளாஸ்டிக் தாளும் டேப்பும் ஒட்டி அணை கட்டுங்கள். தெர்மாகோல் எங்கேயாவது வெளியே தெரிந்தால் ஃபெவிகால் பூசி மூடிவிடுங்கள்.

ரெசினையும் இறுக்கியையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் துல்லியமாக அளந்து, சில நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். கலங்கல் நீருக்குக் காவியும் மஞ்சள் காவியும் தூளாக ஒரு சிட்டிகை. ஒரு தடவைக்கு மூன்று மி.மீ.க்கு மேல் ஊற்றாதீர்கள். கனமாக ஊற்றினால் சூடேறித் தெர்மாகோல் உருகலாம். மேலே டப்பாவைக் கவிழ்த்துத் தூசி விழாமல் ஒரு நாள் விடுங்கள். சன்னலைத் திறந்து வைத்து, கையுறையோடு செய்யுங்கள். அடைமழை நாளில் ஊற்றினால் மேல்பரப்பு பனி படர்ந்தது போல் மங்கிவிடும்.

மங்கல் வார்னிஷை இதற்கு முன்பே தரை முழுக்கத் தூரிகையால் பூசி முடித்துவிட வேண்டும். ரெசின் ஊற்றிய பிறகு பூசினால் தண்ணீரின் பளபளப்பு போய்விடும். தண்ணீரை ஒட்டிய சேற்றில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோடு இழுங்கள், ஈரம் தெரியும்.

11. எத்தனை நாள்?

மாலை நேரங்களில் மட்டும் வேலை செய்தால் மூன்று வாரம். கை வேலை குறைவு, காய்வதற்குக் காத்திருப்பதுதான் அதிகம். பலகைக்கும் அடித்தளத்துக்கும் மூன்று நாள், கலவைக்கும் தடத்துக்கும் ஐந்தாறு நாள், மேல் மண்ணுக்கு இரண்டு, வண்ணத்துக்கு மூன்று, ரெசினுக்கு மூன்று. கரும்பைக் காத்திருக்கும் நேரங்களில் வெட்டிக்கொண்டே வரலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை மிக நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் கலவை காய இரு மடங்கு நாள் பிடிக்கும். கண்காட்சிக்குக் கொண்டுபோக நினைத்தால், ரெசின் ஊற்றி ஒரு வாரமாவது இடைவெளி இருக்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தொடங்குங்கள். நுழைவுப் படிவத்தில் அளவு கேட்பார்கள். கரும்பின் உயரத்தையும் சேர்த்து எழுத வேண்டும், அனுமதித்த உயரத்தைத் தாண்டினால் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

12. பாதுகாப்பும் பயணமும்

காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனால் இரண்டு மணி நேர ஆட்டம். பலகையின் அடியில் இரண்டு திருகாணி இறக்க இடம் விட்டு, பெட்டியின் தரையோடு சேர்த்து முடுக்கிவிடுங்கள். பஞ்சையோ காகிதத்தையோ மேலே திணிக்காதீர்கள், தோகையெல்லாம் படுத்துவிடும். பெட்டியின் உயரம் கரும்பைவிட மூன்று விரற்கடை கூடுதலாக இருந்தால் போதும். பெட்டியை மடியிலோ இருக்கைக்குக் கீழேயோ வையுங்கள்; மேல் பரணில் வேண்டாம்.

வீட்டில் கண்ணாடிப் பெட்டி போட்டு வைத்தால் தூசி பிரச்சினை இல்லை. பெட்டி இல்லாதவர்கள் மென்மையான மேக்கப் தூரிகையால் மாதம் ஒரு முறை தட்டிவிடலாம். சன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் வைத்தால் ரெசின் மஞ்சளாகும், தோகையின் பச்சை வெளிறும். ஐப்பசி மழை தொடங்கும் முன் பலகையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். கரையான் அரித்த தடமோ பூஞ்சையோ தெரிந்தால் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்து, கிராம்புத் தைலம் தொட்டு, இன்னொரு கை வார்னிஷ் பூசுங்கள்.